ஒயரா, ஆயிலா? டிஸ்க் பிரேக் கேள்விகள்

போன மாசம் கியர் பத்திக் கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். வந்ததுல முக்கால்வாசி பிரேக் பத்தி, அதுவும் மலை சைக்கிளுக்கு (எம்டிபி) என்ன டிஸ்க் பிரேக் போடலாம்னு. புதுசா படிக்கிறவங்களுக்கு: வீலோட சேர்ந்து சுத்துற தகடு ரோட்டார், அதைக் கவ்வுற கட்டை பேடு, பேடைப் புடிச்சிருக்கிற பெட்டி காலிப்பர். கம்பி இழுத்துக் கவ்வினா ஒயர் டிஸ்க், ஆயில் அழுத்தத்துல கவ்வினா ஹைட்ராலிக். சரி, கியர் எங்கயும் ஓடிப்போயிடாது, இந்த மாசம் முழுப் பக்கமும் பிரேக்குக்கே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன். பேர் போடாதீங்கன்னு பாதிப் பேர் எழுதினதால எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

அண்ணா, என்கிட்ட 27.5 இன்ச் வீல் எம்டிபி இருக்கு, ரெண்டு பக்கமும் ஒயர் டிஸ்க். ஞாயித்துக்கிழமை ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி ஏறி இறங்குறோம். இறங்கும்போது லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டிக்குது, கைவலி உயிர் போகுது. பசங்க எல்லாம் ஹைட்ராலிக் போடு போடுங்கிறாங்க. போடணுமா, இல்ல இதையே சரி பண்ணலாமா?
(கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, ரெண்டுமே பண்ணு, ஆனா முதல்ல சரி பண்ணு, அப்புறம் வாங்கு. ஏன்னா ஹைட்ராலிக் வாங்குறதுக்கு நீ காசு சேர்க்குற வரைக்கும் இந்த பிரேக்லதானே கோத்தகிரி இறங்கப் போற!

லிவர் ஹேண்டில்பார்ல போய் ஒட்டுதுன்னா பெரும்பாலும் பேடு தேஞ்சிருக்கும். சாதா ஒயர் டிஸ்க்குல ஒரு பக்கத்துப் பேடுதான் நகரும், அது ரோட்டாரை லேசா வளைச்சுத் தள்ளி அந்தப் பக்கம் சும்மா நிக்கிற இன்னொரு பேடுல போய் அமுக்கும். பேடு தேயத் தேய இடைவெளி கூடிக்கிட்டே போகும், அதுவா சரியாகிக்காது, நாமதான் திருகித் திருகிக் கிட்ட கொண்டு வரணும். இங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க, லிவர்கிட்ட இருக்கிற குமிழைத் திருகி ஒயரை மட்டும் இழுத்து இழுத்து டைட் பண்ணிட்டு இருப்பாங்க, அப்போ காலிப்பர்ல இருக்கிற கை பாதி தூரம் முன்னாடியே திரும்பி நின்னுக்கும், அதுக்கு மேல அமுக்க அதுக்கு பலமே இருக்காது. சரியான வழி என்னன்னா, வீல் பக்கமா காலிப்பர்ல ஒரு குமிழோ ஆலன் கீ துவாரமோ இருக்கும், அதைத் திருகி நிக்கிற பேடை ரோட்டார்ல உரசியும் உரசாம வர்ற அளவுக்குக் கிட்ட வை. ஒயர் டென்ஷன் அதுக்கப்புறம்தான். அப்படியே ஒயரும் அதோட உறையும் துரு புடிச்சிருந்தா மாத்திடு, அதுக்கு ஆகுற காசு ரொம்பக் கம்மி, பலன் உனக்கே தெரியும். மழையில சேத்தோட இறங்கினா பேடு ஒரே இறக்கத்துல கூட நிறைய தேஞ்சிடும், அதனால பாதி வழியில டீ குடிக்க நிக்கும்போது ஒரு தடவை லிவரை அமுக்கிப் பாக்குற பழக்கம் வச்சுக்க.

இப்போ ஹைட்ராலிக். வாராவாரம் மலை இறங்குறவனுக்கு அது வேணும், இதுல நான் மழுப்ப மாட்டேன். ரெண்டு பக்கமும் பிஸ்டன் நகரும், பேடு தேஞ்சா அதுவே முன்னாடி வந்துக்கும், ஒரு விரல் ரெண்டு விரல்ல நிக்கும், கைவலி போயிடும். எது வாங்குறதுன்னா ஷிமானோ எம்டி200 இல்லன்னா டெக்ட்ரோல அதே அளவு விலைக்கு வர்ற எம்275 மாதிரி ஒண்ணு, முதல் தடவைக்குப் போதும். அதுக்கு மேல டியோர் எம்6100 இருக்கு, லிவர் குட்டையா கைக்கு அடக்கமா இருக்கும், அமுக்குறதும் மிருதுவா இருக்கும். ஆனா என் அனுபவத்துல ஒயர்ல இருந்து எம்டி200க்கு மாறும்போது கிடைக்கிற வித்தியாசம் மலை, எம்டி200ல இருந்து டியோருக்கு மாறினா கிடைக்கிறது மடு. காசு மிச்சமிருந்தா நல்ல டயர் போடு.

வாங்குறதுக்கு முன்னாடி உன் ஹேண்டில்பாரை ஒரு தடவை பாரு. நிறைய சைக்கிள்ல பிரேக் லிவரும் கியர் மாத்துற ஷிஃப்டரும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் புள்ள மாதிரி ஒரே துண்டா வரும். அப்படி இருந்தா பிரேக் லிவரைக் கழட்டினா ஷிஃப்டரும் சேர்ந்து போயிடும், புதுசா தனி ஷிஃப்டரும் வாங்கணும். இது தெரியாம பிரேக்கை ஆர்டர் பண்ணிட்டு டப்பாவைப் பிரிச்சப்புறம் எனக்கு எழுதினவங்க மூணு பேர்.

என் பழைய சைக்கிள்ல வி-பிரேக் இருக்கு. ஃபிரேம் நல்ல கட்டையான இரும்பு. வெல்டிங் பட்டறையில ஒரு பட்டை வச்சு ஒட்டி டிஸ்க் மாட்டலாமா சார்?
(வாசகர், திண்டுக்கல்)

வேணாம் சார். பின்னாடி மட்டும் கூட வேணாம். வி-பிரேக் ரப்பர் கட்டையை வச்சு ரிம்மை அமுக்குது, டிஸ்க் அமுக்குற இடம் வேற. டிஸ்க்குல மொத்த வேகமும் இடது பக்க ஃபோர்க் காலோட அடிமுனையிலயும் பின்னாடி இடது மூலையிலயும் வந்து முட்டும், அந்த முட்டலைத் தாங்குற மாதிரி அந்தக் குழாயைச் செய்யவே இல்ல. மெல்லிசு குழாயில பட்டறை வெல்டிங் அடிச்சா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே விரிசல் விடும், விடுறது நீங்க வீட்டு வாசல்ல நிக்கும்போது இல்ல, இறக்கத்துல பிரேக் அமுக்கும்போது. தவிர வீல் நடுவுல இருக்கிற ஹப்பும் டிஸ்க் ஹப்பா மாத்தணும், அப்போ வீலே வேற கட்டணும், கணக்குப் போட்டா இன்னொரு பழைய சைக்கிள் விலை வந்துடும். நல்ல ரப்பர் கட்டை போட்டு, ரிம்மைத் துடைச்சு வச்சா வி-பிரேக் வறண்ட ரோட்டுல எந்த ஒயர் டிஸ்க்குக்கும் சளைச்சது இல்ல. மழையிலயும் சேத்துலயும்தான் அது தோத்துப் போகும்.

நான் 95 கிலோ. கொல்லிமலை 70 கொண்டை ஊசியும் ஏறிட்டேன், ஏறுறதுல பயமில்ல, இறங்குறதுலதான். ஹைட்ராலிக்தான் போட்டிருக்கேன், 160 மில்லிமீட்டர் ரோட்டார். பாதி இறக்கத்துக்கு மேல தீஞ்ச வாடை வருது, பிரேக் புடிக்கவே மாட்டேங்குது. நாலு பிஸ்டன் பிரேக் வாங்கணுமா? இல்ல ரோட்டாரை 203 ஆக்கினா போதுமா?
(வங்கி ஊழியர், நாமக்கல்)

உங்க கேள்வியிலயே பதில் பாதி இருக்கு சார், 95 கிலோவும் 160ம் சேராது.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாப்போம். நீங்க 95, சைக்கிள் ஒரு 15, ஆக 110 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குறீங்கன்னு வைங்க. அந்த உயரத்துல சேர்த்து வச்ச சக்தி பத்து லட்சம் ஜூலுக்கு மேல. அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்? பாதி காத்துலயும் டயர்லயும் போச்சுன்னு தாராளமா விட்டுக்கொடுத்தாலும், மிச்சம் இருக்கிறதுல ஒன்றரை லிட்டர் பச்சத்தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வச்சிடலாம். அவ்வளவு சூடும் ஆளுக்கு 150 கிராம் கூட இல்லாத ரெண்டு தகட்டுக்குள்ள போகுது. நான் ஒரு தடவை கீழ வந்து ஆர்வக்கோளாறுல ரோட்டாரைத் தொட்டுப் பாத்தேன், ரெண்டு வாரம் ஆள்காட்டி விரல்ல அந்த ஓட்டை டிசைன் அச்சு அப்படியே இருந்துச்சு. நீங்க தொடாதீங்க.

இந்தச் சூட்டுப் பிரச்சினை மலை சைக்கிள் பிறக்கும்போதே கூடப் பிறந்தது. 1976ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் மரின் கவுண்டியில கொஞ்சம் பசங்க பழைய தடி டயர் சைக்கிளைத் தூக்கிட்டுப் போய் ஒரு மண் பாதையில யாரு முதல்ல இறங்குறதுன்னு போட்டி வச்சாங்க. பின்னாடி மிதிச்சா ஹப்புக்குள்ளயே பிரேக் புடிக்குமே, அந்த மாதிரி சைக்கிள். சுமார் ரெண்டு மைல் இறக்கம்தான், அதுக்குள்ள ஹப்புல இருக்கிற கிரீஸ் எல்லாம் பொகையாப் போயிடும். கீழ வந்ததும் ஹப்பைக் கழட்டித் திரும்ப கிரீஸ் அடைக்கணும். அடைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ரீபேக்னு சொல்லுவாங்களே, அதுவே போட்டிக்கும் பேராச்சு, அந்த ரோட்டுக்கும் பேராச்சு. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் அதுல ஓட்டினவங்கதான், பின்னாடி மலை சைக்கிள்னே ஒண்ணைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சவங்க. அதனால உங்க பிரேக் பொகையுதுன்னா கௌரவமான பரம்பரையிலதான் வந்திருக்கு.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ரோட்டார் பெருசானா ரெண்டு லாபம். ஒண்ணு, பேடு அமுக்குற இடம் அச்சுல இருந்து தள்ளிப் போகுது, நெம்புகோல் நீளமாகுது. 160ல இருந்து 180க்கு மாறினா அதே கை அழுத்தத்துக்கு எட்டுல ஒரு பங்கு கூடுதல் புடி, 203க்குப் போனா கால் பங்குக்கும் மேல. ரெண்டாவது, சூட்டை வாங்கிக்க இரும்பும் ஜாஸ்தி, ஆத்திக்க பரப்பும் ஜாஸ்தி. உங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் முக்கியம். நாலு பிஸ்டன் நல்லதுதான், பேடு பெருசு, புடி ஜாஸ்தி, ஆனா அதே சின்ன 160 தகட்டுல நாலு பிஸ்டனைக் கொண்டுபோய் வச்சா சூடு எங்க போகும்? முதல்ல ரோட்டார், காசு இருந்தா அப்புறம் காலிப்பர்.

203 போடலாமான்னு உங்க ஃபோர்க்தான் சொல்லணும். ஃபோர்க் கம்பெனி அதிகபட்சம் எவ்வளவுன்னு ஒரு அளவு வச்சிருக்கும், விலை கம்மியான சஸ்பென்ஷன் ஃபோர்க்குல நிறைய 180ஓட நின்னுடும். அதைத் தாண்டிப் போடாதீங்க. சுருக்கமா சொல்லணும்னா முன்னாடி 180, பின்னாடி 160ஏ இருக்கட்டும், இல்ல அதையும் 180 ஆக்குங்க. பிரேக் அமுக்கும்போது பாரம் முன்னாடி சாயுறதால முன் பிரேக்தான் பெரிய வேலை பாக்குது. ரோட்டாரோட சேர்த்து அடாப்டரும் வாங்கணும், காலிப்பரை அந்த அளவுக்குத் தூக்கி வைக்க. இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஷிமானோவோட பெரிய அளவு 203, ஸ்ராம்ல 200, அந்த மூணு மில்லிமீட்டர் வித்தியாசத்துல அடாப்டர் மாறிப் போயிடும். காலிப்பரை மாட்டுற இடத்துலயும் ரெண்டு வகை. போல்ட் ரெண்டும் முன்பின்னா, ரோட்டாருக்கு இணையா ஓடினா அது போஸ்ட் மௌண்ட். பக்கவாட்டுல, அச்சு போற திசையில ஓட்டை இருந்தா ஐ.எஸ். மௌண்ட். ஹப்புல ஆறு போல்ட்டா, இல்ல நடுவுல பல்லுப் பல்லா சென்டர்லாக்கா, அதையும் பாத்துக்கங்க. சென்டர்லாக் ஹப்புல அடாப்டர் வச்சு ஆறு போல்ட் ரோட்டாரை மாட்டலாம், திருப்பிப் பண்ண முடியாது. இதையெல்லாம் போன்ல ஃபோட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க, வாயால சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள கடை மூடிடுவாங்க.

இன்னொண்ணு, காசே ஆகாத வைத்தியம். நீங்க பயந்துக்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் லேசா பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வர்றீங்க, வாடை வர்றதுலயே தெரியுது. அப்படிப் பண்ணா ரோட்டார் ஆறவே நேரம் கிடைக்காது. நேர் ரோட்டுல விடுங்க, வளைவுக்கு முன்னாடி அழுத்தமா புடிச்சு வேகத்தைக் கொன்னுட்டு மறுபடி விடுங்க. லிவர் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் சைக்கிள் நிக்கலைன்னா பேடு சூடாகி வழுக்குது. லிவர் பஞ்சு மாதிரி உள்ள போயிட்டே இருந்தா ஆயில் கொதிச்சு ஆவியாகுது, இது ரொம்ப ஆபத்து, உடனே ஓரங்கட்டி இறங்கி ஒரு கால் மணி நேரம் உக்காருங்க. பாட்டில் தண்ணிய எடுத்து ரோட்டார் மேல ஊத்துறது மட்டும் வேணாம், தகடு கோணிக்கும்.

ஷிமானோ பிரேக்ல ஆயில் குறைஞ்சிருக்குன்னு பக்கத்துல ஒரு மெக்கானிக் கார் பிரேக் ஆயில் ஊத்தினார். ஒரு மாசத்துல லிவர் திரும்பவே வரமாட்டேங்குது. ஆயில் ஆயில்தானே? எல்லா சைக்கிளுக்கும் ஒரே ஆயில் இல்லையா?
(வாசகர், மதுரை)

ஐயோ. இல்லைங்க. இது நெய் விளக்குல டீசலை ஊத்தின கதை.

சைக்கிள் பிரேக்ல ரெண்டு ஜாதி ஆயில் இருக்கு. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஆயில். ஹோப், ஹேய்ஸ், ரொம்ப வருஷமா ஸ்ராம், இவங்க எல்லாம் டாட் ஆயில், அதாவது காரு பைக்குல ஊத்துற அதே வகை. ஒண்ணுக்குச் செஞ்ச ரப்பர் சீல் இன்னொண்ணைத் தாங்காது, ஊறி உப்பிடும், பிஸ்டன் மாட்டிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். கழுவிட்டு மினரல் ஆயில் ஊத்தினா சரியாகுமான்னு கேட்டா, உப்பின சீல் பழைய நிலைக்கு வராது, அந்த விலைப் பிரேக்குக்குத் தனியா சீல் தேடி அலையிறதை விட புதுசு வாங்குறதே மேல். அந்த மெக்கானிக்கைத் திட்டாதீங்க, பைக்குல அவர் வருஷக்கணக்கா அதைத்தான் ஊத்தி ஓட்டியிருக்காரு, சைக்கிளுக்கு வேறன்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

எது நல்லதுன்னு கேக்குறவங்களுக்கும் சேர்த்துச் சொல்லிடுறேன். டாட் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 260 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினப்புறம் அது 180 வரைக்கும் இறங்கிடலாம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும், பெயின்ட்ல பட்டா பெயின்ட்டையும் உரிச்சிடும், கையிலயும் படக்கூடாது. மினரல் ஆயில் ஈரம் உறிஞ்சாது, ஆனா உள்ள போன தண்ணி கலக்காம தனியா அடியில நிக்கும், காலிப்பர்கிட்ட, சூடு அதிகமா இருக்கிற இடத்துலயே. ரெண்டுலயும் குறை இருக்கு. ஆனா வீட்டுல தானே வேலை பாக்குறவங்களுக்கு நான் மினரல்தான் சொல்லுவேன், கொட்டினா துடைச்சுட்டுப் போயிடலாம். ஸ்ராம் கூட 2022ல டிபி8னு மினரல் ஆயில் பிரேக் ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2024ல மேவன், அதுவும் மினரல். அதனால கம்பெனி பேரை வச்சு ஊகிக்காதீங்க, லிவர் மூடியில எழுதியிருக்கிறதைப் படிங்க. அப்புறம் டாட் 5னு தனியா ஒண்ணு இருக்கு, பேரு 5.1 மாதிரியே இருந்தாலும் அது சிலிக்கான், வேற சரக்கு, டாட் பிரேக்குல கூட ஊத்தக்கூடாது.

என் பையன் சைக்கிள் பிரேக் புடிச்சா தெரு முழுக்கக் கேக்குற மாதிரி கத்துது. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வர்றாங்க. சத்தம் போகட்டும்னு நானே ஆயில் ஸ்பிரே அடிச்சு விட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு, இப்போ நிக்கவும் மாட்டேங்குது. நல்ல பிரேக்கா மாத்திடவா?
(ஒரு அம்மா, சேலம்)

அம்மா, பிரேக்கை மாத்த வேணாம். ஆனா பையனை இன்னைக்கே அந்த சைக்கிளை எடுக்கவிடாதீங்க, பிரேக்ல எண்ணெய் அடிச்சா அது பிரேக்கே இல்ல. கதவு கீலுக்கு அடிக்கிறது கீலோட போகட்டும்.

பேடு பஞ்சு மாதிரி, எண்ணெயை உறிஞ்சிடும். ரோட்டாரை ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் வாங்கி சுத்தமான துணியில நல்லாத் துடைச்சிடலாம், பேடை என்ன பண்ணாலும் திரும்ப எண்ணெய் கக்கும். மணல் காகிதத்துல தேய், அடுப்புல காட்டுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நானும் பண்ணிப் பாத்திருக்கேன், வீடு நாறினதுதான் மிச்சம். புதுப் பேடு ஒரு ஜோடி போட்டுடுங்க. பழசைக் கையிலயே எடுத்துட்டுப் போங்க, ஷேப் பிரேக்குக்குப் பிரேக் மாறும்.

பேடுல ரெசின்னு ஒண்ணு, மெட்டல்னு ஒண்ணு. ரெசின் சத்தம் கம்மி, உடனே புடிக்கும், மழையில சீக்கிரம் தேயும். மெட்டல் நிறைய நாள் உழைக்கும், சூடு தாங்கும், கத்தும். உங்க பையன் தெருவுலயும் ஸ்கூலுக்கும் ஓட்டுறதுக்கு ரெசின். இன்னொரு காரணமும் இருக்கு, கண்ணாடி போட்டுட்டு ரோட்டாரைப் பாத்தீங்கன்னா 'ரெசின் பேட் ஒன்லி'ன்னு பொடி எழுத்துல இருக்கலாம். இருந்தா மெட்டல் போடக்கூடாது, ரோட்டார் இரும்பு அதைத் தாங்காம சீக்கிரம் தேஞ்சிடும்.

புதுப் பேடு போட்ட அன்னைக்கே முழுசாப் புடிக்காது, பழக்கணும். ஆளில்லாத மைதானத்துல மிதமான வேகத்துல போய், நிக்கிற அளவுக்கு மெதுவாக்கி, முழுசா நிறுத்தாம விட்டுடணும், இப்படி ஒரு இருபது தடவை. அப்புறம் கொஞ்சம் வேகம் கூட்டி ஒரு பத்து தடவை. பேடோட சரக்கு ரோட்டார்ல ஒரே சீரா ஒரு படலமா ஒட்டும், அப்போதான் புடி வரும், சத்தமும் பாதி அடங்கும். கடையில இதை யாரும் சொல்றதில்ல, அதனாலயே "புது பிரேக் புடிக்கலை"ன்னு மாசம் ஒரு கடிதமாவது வருது. சைக்கிள் கழுவும்போது கார் பாலிஷ் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்தச் சொல்லுங்க, காத்துல பறந்து ரோட்டார்ல உக்காரும்.

எனக்குக் கை சின்னது. கடையில இருக்கிற எல்லா சைக்கிள்லயும் லிவர் எட்டவே மாட்டேங்குது, இறக்கத்துல பயமா இருக்கு. பொண்ணுங்களுக்குன்னு தனி பிரேக் இருக்கா அண்ணா?
(வாசகி, ஏற்காடு)

தனியா எல்லாம் இல்லம்மா, தேவையும் இல்ல. லிவர் ஹேண்டில்பாரைப் பாத்த மாதிரி இருக்கிற பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், பெரும்பாலும் ரெண்டு மில்லிமீட்டர் ஆலன் கீ போகும், ஒயர் லிவர்ல ஸ்க்ரூ டிரைவர். அதைத் திருகினா லிவர் கைப்பக்கம் கிட்ட வரும். ஆள்காட்டி விரலோட முதல் கணு லிவர்ல சும்மா உக்காரணும், அதுவரைக்கும் கொண்டா. அப்புறம் லிவர் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹேண்டில்பார்ல நடுப்பக்கமா நகர்த்து. விரல் லிவரோட நுனி வளைவுல விழணும். நுனியில புடிச்சாதான் பலம், வேர்ல புடிச்சா எவ்வளவு அமுக்கினாலும் வீண். முக்கால்வாசி பேருக்கு லிவர் கைப்புடியோட ஒட்டிக்கிட்டே இருக்கும், கடையில மாட்டினது மாட்டினபடி. இதெல்லாம் பண்ணிட்டு எட்டலைன்னா மட்டும் புதுசு தேடு, ஒயரா இருந்தா ஹைட்ராலிக்குக்கு மாறு, கைபலம் கம்மியா இருக்கிறவங்களுக்குத்தான் அது முதல்ல வேணும்னு நான் சொல்லுவேன்.

அடுத்த வருஷம் மணாலியில இருந்து லே வரைக்கும் லக்கேஜ் கட்டிட்டுத் தனியா சைக்கிள்ல போறேன். ஹைட்ராலிக் வேணாம், ஒயர் டிஸ்க்தான் நம்பகம்னு ஒரு கூட்டம் சொல்லுது. இவ்வளவு நேரம் நீங்க ஹைட்ராலிக் புகழ் பாடினவர், இதுக்கு என்ன சொல்றீங்க?
(வாசகர், சென்னை)

அந்தக் கூட்டம் சொல்றதுல நியாயம் இருக்கு, நான் ஒத்துக்கிறேன். 5,300 மீட்டருக்கு மேல டாங்லாங் லா மாதிரி ஒரு கணவாயில ஹோஸ் கிழிஞ்சு ஆயில் ஒழுகினா என்ன பண்ணுவீங்க? ஒயர் அறுந்தா பையில இருக்கிற இன்னொரு ஒயரை எடுத்து பத்து நிமிஷத்துல மாட்டிடலாம், ஒயர் பிரேக்ல கொதிக்கிறதுக்கு ஆயிலும் இல்ல. ஆனா சாதா ஒயர் டிஸ்க் வாங்காதீங்க. ரெண்டு பேடையும் தனித்தனியா குமிழ் திருகி அட்ஜஸ்ட் பண்ற அவிட் பிபி7, இல்ல ரெண்டு பக்கமும் நகர்ற டிஆர்பி ஸ்பைக், இந்த மாதிரி பாருங்க, முன்னாடி 180 ரோட்டார் போடுங்க. லிவர் பொருந்துதான்னும் பாக்கணும், ரோடு சைக்கிளுக்கான காலிப்பருக்கு ஒயரைக் கம்மியா இழுத்தா போதும், எம்டிபி லிவர் ஜாஸ்தி இழுக்கும், மாத்தி மாட்டினா ஒண்ணு புடிக்காது இல்ல கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு ஜோடி பேடு, ரெண்டு ஒயர், டி25 ஸ்டார் கீ பையில இருக்கட்டும். இதே வழியில ஹைட்ராலிக் போட்டுக்கிட்டுப் போயிட்டு சுகமா வந்தவங்களும் நிறைய பேர் இருக்காங்க, அதையும் சொல்லிடணும். ரிப்பேர் உங்க கையில வருமா வராதாங்கிறதுதான் கேள்வி, தனியாப் போறதால நான் ஒயர் பக்கம் சாயுறேன்.

பஸ்ல ஏத்தறதுக்காக முன் வீலைக் கழட்டினோம். யாரோ லிவரை அமுக்கிட்டாங்க போல, இப்போ பேடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு, வீல் உள்ள போகவே மாட்டேங்குது. பிரேக் போச்சா?
(கொடைக்கானல் போன நாலு பேர், தேனி)

போகலை. ஹைட்ராலிக்ல நடுவுல ரோட்டார் இல்லாம லிவரை அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்துடும். டயர் கழட்டுற பிளாஸ்டிக் லிவர் ஒண்ணை பேடுக்கு நடுவுல விட்டு மெதுவா ரெண்டு பக்கமும் நெம்புங்க, உள்ள போயிடும். ஸ்க்ரூ டிரைவர் வேணாம், பேடு உடையும். அடுத்த தடவை வீலைக் கழட்டின உடனே பேடுக்கு நடுவுல பழைய பஸ் டிக்கெட்டை நாலஞ்சா மடிச்சாவது சொருகி வைங்க. புது பிரேக்கோட ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வரும், குப்பைன்னு தூக்கிப் போட்டிருப்பீங்க, அது இதுக்குத்தான்.

வீலை மாட்டும்போது அதை அச்சுல இறுக்குற குயிக் ரிலீஸ் லிவரை ரோட்டார் இல்லாத பக்கம் வச்சு நல்லா இறுக்குங்க. லூஸா திறந்து கிடந்தா சில வகை லிவர் ரோட்டார்ல போய்ச் சிக்கும், 2015ல ட்ரெக் கம்பெனி அமெரிக்காவுல மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிளைத் திரும்பக் கூப்பிட்டதுக்கு இதுதான் காரணம்.

ஆன்லைன்ல ஹைட்ராலிக் செட் பாத்தா 'லெஃப்ட் ஃப்ரன்ட், ரைட் ரியர்'னு போட்டிருக்கு. எனக்கு வலது கைதான் முன் பிரேக். வாங்கிட்டு மாத்திக்கலாமா?
(வாசகர், திருச்சி)

மாத்தலாம், ஆனா வேலை இருக்கு. அமெரிக்காவுல இடது கை முன் பிரேக், பிரிட்டன்ல வலது கை, நமக்கும் பைக் ஓட்டிப் பழகினதால வலது கைதான் முன்னாடி. ஆயில் அடைச்சு சீல் பண்ணி வர்ற செட்டுல முன்னாடிக்கு சுமார் 1000 மில்லிமீட்டர் ஹோஸ், பின்னாடிக்கு 1700 மாதிரி இருக்கும், அதனால லிவரை மட்டும் இடம் மாத்தி வைக்க முடியாது. ஹோஸைக் கழட்டி மாத்தி, ஹோஸ் முனையில வர்ற ஆலிவ், இன்செர்ட்ங்கிற சின்னத் துண்டுகளைப் புதுசா போட்டு, உள்ள புகுந்த காத்தை வெளிய எடுக்கணும். அதைப் பண்ணத் தெரிஞ்ச கடை உங்க ஊர்ல இருக்கான்னு முதல்ல விசாரிங்க. இல்லைன்னா 'ரைட் ஃப்ரன்ட்'னு போட்டிருக்கிற செட்டாத் தேடி வாங்குங்க, ரெண்டு வாரம் லேட்டா வந்தாலும் பரவாயில்ல. கை பழகினதுக்கு எதிரா பிரேக்கை மாட்டிக்கிட்டு "போகப் போகப் பழகிடும்"னு மட்டும் இறங்கிடாதீங்க, குறுக்க நாய் வந்தா மூளை பழைய கையத்தான் அமுக்கும்.